தில்டாவின் முழங்காலில் நியோபெ

ட்ரெப்னாவ் ஊரில் மனிதர்கள் பீரோவைத் திறந்து கம்பளிச் சட்டையைத் தேடுவதற்கு முன்பே கற்சிலைகளுக்கு மரப்பெட்டி தயாராகிவிடும். பழைய அரண்மனைத் தோட்டத்துப் பளிங்குச் சிலைகளின் இடுக்குகளில் ஈரம் புகுந்து உறைந்தால் கல் வெடித்துவிடும் என்பதால், அக்டோபர் நடுவில் ஒவ்வொன்றையும் பலகைப் பெட்டிக்குள் அடைத்து ஈஸ்டருக்குத்தான் திறப்பார்கள். அடைக்கும் நாளில் பித்தளைக் குழல் வாத்தியம் உண்டு. கிராம்பு போட்ட சூடான ஒயின் உண்டு. சிலைப் பாதுகாப்பு வாரியத்தின் டைரக்டர் ஒவ்வொரு சிலையையும் பெயர் சொல்லி அழைத்து விடைகொடுக்கிற வழக்கமும் உண்டு. அதே ஊரில் பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுகியபோது கீழே வாளி வைத்தார்கள். அதற்கு வாத்தியம் எதுவும் ஏற்பாடு செய்யவில்லை.

ஹைக்கேவுக்கு இதிலெல்லாம் புகார் கிடையாது. சந்தைச் சதுக்கத்து ரொட்டிக் கடையில் கம்பு ரொட்டியை அறுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. சிலைகள் அவள் பாட்டுக்கு அவளை விட்டுவைத்திருந்தன, அவளும் அவற்றை விட்டுவைத்திருந்தாள். செப்டம்பரில் ஒரு நாள் அவளுடைய மகள் தில்டாவின் வகுப்பைத் தோட்டத்துக்கு அழைத்துப் போகும்வரை இந்த ஏற்பாடு ஒழுங்காக நடந்துவந்தது.

வகுப்புக்கு விளக்கம் சொல்ல வாரியத்தின் அலுவலர் விண்ட்லர் அம்மையார் வந்திருந்தார். நியோபெயின் சிலைமுன் பிள்ளைகளை நிறுத்திக் கதையைச் சொன்னார். ஏழு மகன், ஏழு மகள் பெற்ற கிரேக்க ராணி. அந்தப் பெருமையை வாய்விட்டுப் பேசிவிட்டாள். கோபம்கொண்ட தேவர்கள் பதினான்கு பேரையும் அம்பெய்து கொன்றார்கள். கடைசி மகளை ஒரு கையால் மடியில் மறைத்துக்கொண்டு மறு கையை வானத்தை நோக்கி நீட்டி, "இவளையாவது விட்டுவிடு" என்று கெஞ்சுகிற கணத்தைத்தான் சிற்பி பிடித்திருக்கிறான். பிறகு அவள் அழுது அழுது கல்லாகிவிட்டாள்.

"கண்ணீரைப் பக்கத்துல போய்ப் பாக்கணும், பிள்ளைங்களா. தூரத்துல நின்னா கலை புரியாது" என்றார் விண்ட்லர் அம்மையார்.

மற்றப் பிள்ளைகள் வறுவல் தின்றுகொண்டும் ஒருவர் முதுகில் ஒருவர் சுள்ளிக் குச்சியைச் செருகிக்கொண்டும் இருந்தார்கள். சொன்னதைக் கேட்டுப் பக்கத்தில் போனவள் தில்டா ஒருத்திதான். வானத்தை நோக்கி நீட்டிய கையின் மூன்று விரல்கள் அப்போதுதான் ஒடிந்து, பீடத்தின் விளிம்பில் அடித்துச் சிதறி, ஒரு துண்டு அவள் வலது முழங்காலுக்குள் புகுந்தது.

"அசையாதீங்க! யாரும் அசையாதீங்க!" என்று அலறினார் விண்ட்லர் அம்மையார். அடிபட்ட பிள்ளையைப் பற்றித்தான் சொல்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் பையிலிருந்து வெள்ளைக் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டு, தில்டாவைத் தாண்டிக் குதித்து, சரளைக் கல்லில் மண்டியிட்டார். "நடுவிரல் இருக்கு. மோதிரவிரல் இருக்கு. சுட்டுவிரல் பாதிதான் இருக்கு. நுனி எங்க? யாருடா எடுத்தது? எல்லாரும் பாக்கெட்டைக் காட்டுங்க!"

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது டீச்சர். மாவு படிந்த ஏப்ரனோடு ஹைக்கே ஓடிவந்தபோது, காவலாளி குறுக்கே கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"இந்தப் பக்கம் வராதீங்கம்மா. சரளையைச் சலிக்கணும்."

"என் பொண்ணு அங்க கிடக்கறா!"

"தெரியுதும்மா. அவளைச் சுத்தித்தான் சலிக்கணும்."

ஹைக்கே கயிற்றின் அடியில் புகுந்து போனாள். அதற்காக அவள்மேல் ஒரு குற்றக் குறிப்பு எழுதப்பட்டது. அத்துமீறல் என்று தலைப்பு.

ட்ரெப்னாவ் ஆஸ்பத்திரி ஒரு பழைய மடாலயக் கட்டடத்தில் இருக்கிறது. பழைய கட்டடம் என்பதால் அதன் சுவரும் ஜன்னலும் ஆணியும் வாரியத்தின் பொறுப்பு. ஒரு லிஃப்ட் வைக்க அனுமதி கேட்டு ஆறு வருடமாகக் காத்திருக்கிறார்கள். அதுவரை மாடிக்குப் போகிற நோயாளிகளை இரண்டு ஆட்கள் நாற்காலியோடு தூக்கிப் போகிறார்கள். அவர்களில் ஒருவர் இடுப்புப் பிடித்துப்போய் அதே மாடியில் படுத்திருக்கிறார்.

எலும்பு மருத்துவர் ப்ரோய்ஸ், காயத்தைக் கழுவிக் கட்டுப்போட்டுவிட்டு ஹைக்கேவிடம் சொன்னார்: "மூட்டுக்குள்ள ஒரு துண்டு மாட்டியிருக்கு. நாளைக்குக் காலைல எடுத்துடலாம். பெரிய வேலை இல்ல. ஆனா தள்ளிப் போடக்கூடாது. தள்ளத் தள்ள மூட்டு இறுகிடும். அப்புறம் முழுசா மடங்காது."

ஹைக்கே இந்த வாக்கியங்களை மட்டும் மனதில் குறித்துவைத்துக்கொண்டாள். அடுத்து வந்த வாரங்களில் எத்தனையோ பேர் எத்தனையோ பேசினார்கள். அவள் காதில் இவைதான் ஓடிக்கொண்டிருந்தன.

காலையில் அறுவைச் சிகிச்சை தொடங்குவதற்கு முன் டைரக்டர் வந்துவிட்டார்.

முனைவர் முனைவர் ஸால்மூத் இரண்டு முறை முனைவர். ஒன்று கற்சிலைகளின் ஆடை மடிப்புகளைப் பற்றி. மற்றது இடிந்த சுவர்களில் பாசி பிடிக்கும் முறையைப் பற்றி. யாராவது ஒரே ஒரு முனைவர் போட்டு அழைத்தால் அவர் பதில் பேசமாட்டார், இரண்டாவது வரும்வரை புன்னகையோடு காத்திருப்பார். அவர் கையில் ஒரு மலர்க்கொத்து இருந்தது. தில்டா கையை நீட்டினாள். அது நியோபெயின் பீடத்தில் வைக்கவேண்டியது, வழியில் எடுத்துவந்தது என்று கூட வந்த விண்ட்லர் அம்மையார் மெதுவாக விளக்கினார்.

டைரக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அவர் கண் கலங்கியது.

"நகம் தெரியுது பாருங்க, விண்ட்லர்! முன்னூறு வருஷத்து நகம்! கீறல்கூட இல்லாம பத்திரமா இருக்கு."

"டைரக்டர் ஐயா, எப்ப எடுப்பாங்க?" என்று ஹைக்கே கேட்டாள்.

"எடுக்கறதா? அம்மா, அது என்ன முள்ளா, நகவெட்டில பிடுங்கி எறியறதுக்கு? அது ஒரு மூலப் படைப்போட அங்கம். அதைத் தொடணும்னா எந்த உலோகக் கருவி, எந்தக் கோணம், எந்த ஈரப்பதம்னு நிபுணர் குழு முடிவு பண்ணணும். அதுவரைக்கும் உங்க பொண்ணோட முழங்கால், எங்க விதிப்படி, தற்காலிகக் காப்பிடம்."

மருத்துவர் ப்ரோய்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "முனைவர் ஐயா..."

டைரக்டர் புன்னகையோடு காத்திருந்தார்.

"முனைவர் முனைவர் ஐயா, மூட்டு இறுகிடும்."

"நல்லதுதானே, டாக்டர்? அசையாம இருக்கும்." டைரக்டர் எக்ஸ்ரேயை உறையில் போட்டுக்கொண்டார். "அப்புறம், உங்க லிஃப்ட் விஷயத்தைக்கூட இந்த மாசம் எடுத்துப் பாக்கலாம்னு இருக்கேன்."

மருத்துவர் தன் காலணியைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். ஹைக்கேவை மட்டும் பார்க்கவில்லை.

அன்று மாலையே விதிகள் வந்தன. காப்பிடத்தின் அருகே உப்பு, எலுமிச்சை, வினிகர் கூடாது. பளிங்குக்கு ஆகாது. உடற்பயிற்சி மருத்துவர் வரக்கூடாது. அதிர்வு ஆகாது. காப்பிடத்தின் வெப்பநிலை முப்பத்தேழரையைத் தாண்டக்கூடாது.

"அப்ப எனக்கு ஜுரம் வந்தா என்ன பண்றது?" என்று கேட்டாள் தில்டா. பதினோரு வயது. அம்மாவைப் போலவே ஒல்லி. வாய் மட்டும் அம்மாவைப் போல இல்லை.

"முன்கூட்டியே எழுதிக் குடுத்துடு" என்றார் விண்ட்லர் அம்மையார். விளையாட்டாகச் சொல்கிறாரோ என்று தில்டா அவர் முகத்தைப் பார்த்தாள். இல்லை.

ஹைக்கே பொறுமைசாலி. முதல் வாரம் காத்திருந்தாள். நிபுணர் குழுவில் ஒருவர் வெனிஸில் ஈரக் கசிவைப் பார்க்கப் போயிருந்தார். இரண்டாம் வாரம் காத்திருந்தாள். அவர் திரும்பி வந்தார், இன்னொருவர் போனார். தில்டா காலை மடக்க முயன்றபோதெல்லாம், துருப்பிடித்த கீல் மாதிரி பாதியில் நின்றது. மூன்றாம் வாரம் ஹைக்கே மகளைப் போர்வையில் சுற்றி, கைத்தாங்கலாகப் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப் போனாள். பக்கத்து நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே போய்க் காட்டிவிடலாம்.

பேருந்து புறப்படும்போது போலீஸ்காரர் ஒருவர் ஏறினார். ஹைக்கேவின் கடையில் தினமும் ரொட்டி வாங்குகிறவர்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கோ, ஹைக்கே. பொண்ணு போகலாம். முழங்கால் போக முடியாது."

"என்னய்யா சொல்ற?"

"பொருள் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாதாம். தாண்டணும்னா ஈரப்பதம் காக்கற பெட்டி வேணுமாம், கூடவே ஒரு காப்பாளர் வரணுமாம். அதுவும் பஸ்ஸுலயா கொண்டு போறது பளிங்கைன்னு கத்தறார் அந்த டைரக்டர்."

"மாமா, நான் காலைக் கழட்டிக் குடுத்துட்டுப் போகட்டுமா?" என்றாள் தில்டா.

போலீஸ்காரர் அவர்கள் இறங்கக் கைகொடுத்துக்கொண்டே, "அப்படிக் கேக்காதம்மா, அவங்க சரின்னு சொல்லிடுவாங்க" என்றார்.

கடையில் கூட வேலை செய்கிற பிர்கிட் அடுத்த நாள் ஹைக்கேவைச் சீண்டினாள்: "உன் பொண்ணுக்குப் பதிவு எண்ணெல்லாம் குடுத்துட்டாங்களாமே? எங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு வாங்கித் தாயேன். பெட்டில போட்டு ஈஸ்டர் வரைக்கும் மூடி வெச்சிடறேன். நிம்மதியா இருக்கும்."

ஹைக்கே சிரிக்கவில்லை. அவள் அறுத்த ரொட்டித் துண்டு ஒன்று செங்கல் கனம் இருந்தது, அடுத்தது காகிதம் மாதிரி இருந்தது.

"சிரிக்காம என்னடி பண்ணுவ?" என்றாள் பிர்கிட், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"கத்திய வெச்சிட்டுப் பேசறேன்" என்றாள் ஹைக்கே. அன்று மதியமே ஏப்ரனைக் கழற்றிவிட்டு வாரியத்தின் கூட்டத்துக்குப் போனாள்.

வாரியத்தின் கூட்ட அறையில் கூரை முழுவதும் கொழுத்த தேவகுழந்தைகள் பறந்துகொண்டிருந்தார்கள். அடியில் ஒரு நீள மேஜை, நான்கு ஆண்கள், விண்ட்லர் அம்மையார், தலைமை இடத்தில் ஸால்மூத். ஹைக்கேவுக்கு நாற்காலி போடவில்லை. நாற்காலிகள் பழம்பொருள்கள், வெளியார் உட்காரக்கூடாது.

சட்ட உறுப்பினர்தான் தொடங்கினார். "உங்க பொண்ணோட முழங்கால் எவ்வளவு வேகத்துல விரல்மேல மோதிச்சு?"

"மோதலைங்க. அவ நின்னுட்டிருந்தா. விரல்தான் விழுந்துச்சு."

"அது உங்க பார்வை. அந்தச் சிலை முன்னூறு வருஷமா அங்க நிக்குது. இதுக்கு முன்னாடி அதைப் பத்தி ஒரு புகார் கிடையாது. உங்க பொண்ணு எத்தனை வருஷமா இருக்கா?"

"பதினொண்ணு."

"பாத்தீங்களா" என்றார் அவர், மற்றவர்களிடம்.

கருவிகளைப் பற்றிப் பேசினார்கள். எஃகு கூடாது, கறை படியும் என்றார் ஒருவர். மூங்கில் இடுக்கி என்றார் இன்னொருவர். மூங்கில் சிலையின் காலத்துக்குப் பொருந்தாது என்று அதைத் தள்ளினார்கள். மூன்றாமவர், இத்தாலியில் படித்தவர், மெல்லிய குரலில் வேறொரு யோசனை சொன்னார்: எடுக்கவே வேண்டாமே? கல் எங்கே விழுந்ததோ அங்கேயே இருப்பதுதானே அதன் வரலாறு? கண்டம் முழுவதும் தேடினாலும் நடமாடும் காப்பிடம் வேறெங்கும் கிடையாது. ஆய்வாளர்கள் வந்து பார்க்க, செவ்வாய்க்கிழமைகளில்...

"அவ நடமாடலைங்க. அதுதான் விஷயமே" என்றாள் ஹைக்கே. "நாளாக நாளாக மடங்காமப் போகுது. டாக்டரே சொல்றார். எடுத்துடுங்க. எடுத்து நீங்களே வெச்சுக்கோங்க. தங்கத் தட்டுல வெச்சுக்கோங்க. எனக்கு அந்தக் கல்லு வேணாம். என் பொண்ணு கால் வேணும்."

டைரக்டர் எழுந்து நின்றார். கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அவர் பொத்தான் போட்டால் சொற்பொழிவு என்று அர்த்தம். மற்றவர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள்.

"அம்மா, உங்க கோபம் எனக்குப் புரியுது. நாற்பது வருஷமா நான் ஒரு தாயோட துக்கத்துக்குப் பக்கத்துலயே வாழ்ந்துட்டிருக்கேன். தினமும் காலைல நியோபெயைப் பாக்கறேன். பதினாலு பிள்ளைங்களை இழந்தவ. பதினாலு! அவ ஏதாவது அலுவலகத்துக்கு வந்தாளா? கையை ஆட்டி ஆட்டிப் பேசினாளா? கல்லா நின்னா. அதுதான் கண்ணியம். உங்களுக்கு இருக்கறது ஒண்ணு. அதுவும் உயிரோட இருக்கு. கொஞ்சம் நொண்டுது, அவ்வளவுதான். தாய்மைன்னா என்னன்னு தெரிஞ்சுக்கணும்னா, ஒரு தடவை தோட்டத்துக்கு வந்து அவ முகத்தைப் பாருங்க. உங்களுக்கு அனுமதிச்சீட்டு வேண்டாம்னு நான் சொல்லிடறேன்."

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் விரல் முட்டியால் பலகையைத் தட்டினார்கள். அங்கே கைதட்டுவதற்குப் பதில் அப்படித்தான்.

ஹைக்கே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வாயில் வந்தது எதுவும் அந்த அறைக்கு ஏற்றதாக இல்லை. அதைச் சொல்லியிருக்கலாம் என்று பிறகு படியிறங்கும்போது தோன்றியது. ஒவ்வொரு படிக்கும் ஒரு வார்த்தை வீதம் அவள் சொல்லிக்கொண்டே இறங்கினாள். காவலாளி காதைப் பொத்திக்கொண்டான்.

நிபுணர் குழு அந்தக் கூட்டத்தில் ஒன்றே ஒன்றைத்தான் முடிவுசெய்தது. குளிர்காலம் வருகிறது. விதிப்படி தோட்டத்தின் எந்த மூலப் பளிங்கும் அக்டோபர் நடுவுக்குமேல் திறந்த நிலையில் இருக்கக்கூடாது. ஆகையால் தில்டாவின் வலது காலையும் பெட்டியில் அடைக்கவேண்டும். ஈஸ்டருக்குப் பிறகு மேற்கொண்டு யோசிக்கலாம்.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு தச்சர்கள் வந்து தில்டாவின் காலை அளந்தார்கள்.

"இது விளையாட்டுத்தானே?" என்று ஹைக்கே கேட்டாள்.

"நாங்களும் அப்படித்தாம்மா கேட்டோம். திட்டினாங்க" என்றான் மூத்தவன். "தொளதொளன்னு பண்றோம் பாப்பா, இறுக்கமா இருக்காது. காத்துப் போக மேல ஓட்டை வெச்சிடறேன்."

"பூனைக்குட்டி போட்டுக் கொண்டுபோற பெட்டி மாதிரியா?" என்றாள் தில்டா. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதை ஹைக்கே பார்த்தாள். மகள் வாயாடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தவரை ஹைக்கேவுக்கு ஒரு தைரியம் இருந்தது. அது அப்போது போய்விட்டது. அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

பெட்டி விழா அன்று ஊரே தோட்டத்தில் கூடியிருந்தது. வாத்தியக்காரர்கள் கன்னம் உப்ப ஊதினார்கள். ஒயின் அண்டாவிலிருந்து ஆவி பறந்தது. பொரித்த தொத்திறைச்சி விற்றது. டைரக்டர் ஒவ்வொரு சிலையாக, "தூங்கி வா, டயானா", "தூங்கி வா, ஹெர்குலீஸ்" என்று சொல்லிக்கொண்டே போக, பின்னாலேயே தச்சர்கள் மூடிக்கொண்டே போனார்கள். கடைசியில் நியோபெ. அவள் பக்கத்தில் சக்கர நாற்காலியில் தில்டா. நாற்காலிக்கு முன்னால், புதுப் பலகை வாசனையோடு, அவள் காலுக்கான பெட்டி. இரண்டையும் ஒரே நேரத்தில் மூடுவதாகத் திட்டம். பத்திரிகைக்காரர்கள் ஹைக்கேவை மகளின் பின்னால் நிற்கச் சொன்னார்கள். ஒரு கையை மேலே தூக்க முடியுமா என்றும் கேட்டார்கள்.

டைரக்டர் கோட்டுப் பொத்தானைப் போட்டார்.

"ட்ரெப்னாவ் மக்களே! கல்லுக்கு வலிக்காதுன்னு சொல்றவங்க உண்டு. அவங்க மனசுதான் கல்லு." கூட்டத்தில் யாரோ தொத்திறைச்சியைக் கடித்துக்கொண்டே ஆமோதித்தார்கள். "இந்தத் தாயைப் பாருங்க. கடைசிக் குழந்தையைக் காப்பாத்த நீட்டின கை. அந்தக் கையே இன்னிக்கு முறிஞ்சு நிக்குது. விரலில்லாத இந்தக் கையோட வேதனையை உணராதவன் மனுஷனா? இவளுக்கும் நமக்கும் நடுவுல ஒரு கையுறையோட தூரம்கூட இருக்கக்கூடாது." அவர் தன் வெள்ளைக் கையுறையைக் கழற்றி எறிந்தார். பீடத்தில் ஒரு கால் வைத்து ஏறி, ஒடிந்த சுட்டுவிரலின் அடிக்கட்டையை உள்ளங்கையால் அழுத்தித் தடவினார். "தாயே..."

அடுத்து வந்தது சொல் அல்ல. ஓலம். வாத்தியக்காரர்கள் அதைத் தொடங்கச் சொல்லும் சைகை என்று எடுத்துக்கொண்டு ஊதத் தொடங்கிவிட்டார்கள். டைரக்டர் பீடத்திலிருந்து உருண்டு விழுந்து, வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு குதித்தார். ஊசி போன்ற பளிங்குச் சில்லு ஒன்று உள்ளங்கையில் பாதிக்குமேல் இறங்கியிருந்தது.

"எடுங்க! எடுங்கடா இதை! டாக்டரைக் கூப்பிடுங்க!"

விண்ட்லர் அம்மையார் பையைத் திறந்து கையுறையைத் தேடினார். "முனைவர் முனைவர் ஐயா, அசையாதீங்க. கோணம்..."

"கோணமாவது மண்ணாவது! வலி உயிர் போகுது!"

ஆஸ்பத்திரி தோட்டத்து வாசலுக்கு எதிரேதான். நாலு பேர் அவரைத் தாங்கிக்கொண்டு ஓடினார்கள். ஊரும் பின்னாலேயே வேடிக்கை பார்க்க ஓடியது. ஹைக்கே நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளினாள். முன்சக்கரம் பெட்டியில் ஏறியது. பலகை நொறுங்கும் சத்தம் கேட்டது. அவள் நிற்கவில்லை.

சிகிச்சை அறையின் கதவைத் திறந்துகொண்டு அவள் உள்ளே போனபோது வேலை முடிந்துவிட்டிருந்தது. மருத்துவர் ப்ரோய்ஸ் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். டைரக்டர் சாய்வு நாற்காலியில் வெளிறிப்போய் உட்கார்ந்து சர்க்கரை போட்ட தேநீரை இடது கையால் குடித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் ஹாங்கா மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வெளிய இருங்க" என்றார் மருத்துவர்.

"அவர் கைல இருந்தது எந்தக் கல்லு, டாக்டர்?"

மருத்துவர் கட்டுத்துணியை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

"எந்தக் கல்லுன்னு கேட்டேன்."

"அது... அவசர சிகிச்சை."

"எந்தக் கருவில எடுத்தீங்க? மூங்கில்லயா?"

"எஃகு இடுக்கி" என்றாள் ஹாங்கா, துடைப்பதை நிறுத்தாமல்.

"ஈரப்பதம் பாத்தீங்களா?"

"ஜன்னல் திறந்து கிடந்துச்சு" என்றாள் ஹாங்கா. பிறகு அலமாரியிலிருந்து ஒரு புதிய விரிப்பை எடுத்து உதறி மேஜையின்மேல் விரித்தாள். அதைச் செய்யும்படி அவளிடம் யாரும் சொல்லவில்லை.

டைரக்டர் கோப்பையைக் கீழே வைத்தார். "ப்ரோய்ஸ்! என்ன நடக்குது இங்க? அந்த முழங்கால் குழுவோட பரிசீலனைல இருக்கு. நீங்க கையை வெச்சீங்கன்னா, உங்க லிஃப்ட்..."

மருத்துவர் கட்டின் கடைசிச் சுற்றைப் போட்டு முடிச்சிட்டார். கொஞ்சம் அழுத்தியே முடிச்சிட்டார் போலிருக்கிறது, டைரக்டர் முகம் கோணியது.

"முனைவர் ஐயா" என்றார் மருத்துவர். ஒரு முறை மட்டும்தான். "இந்தக் கை இன்னும் மரத்துத்தான் இருக்கு. இன்னிக்கு நீங்க எதுலயும் கையெழுத்துப் போட முடியாது. வராண்டாவுல உக்காருங்க." பிறகு ஹைக்கேவின் பக்கம் திரும்பினார். அத்தனை வாரத்தில் அவர் அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான். "என்னை எதுவும் சொல்லாதீங்க. எல்லாம் நானே சொல்லிக்கிட்டாச்சு. பொண்ணைத் தூக்குங்க."

வராண்டாவில் இருந்தது ஒரே ஒரு பெஞ்சு. ஒரு முனையில் ஹைக்கே. மறு முனையில் ஸால்மூத், கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு. விண்ட்லர் அம்மையார் நின்றுகொண்டிருந்தார்.

"இது திருட்டு" என்றார் ஸால்மூத்.

ஹைக்கே கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தாயா இருந்துக்கிட்டு, இன்னொரு தாயோட விரலை..."

ஹைக்கே திரும்பினாள். அவள் பார்த்த பார்வையில் அவர் பெஞ்சின் முனைக்கு நகர்ந்து, இன்னும் நகர இடமில்லாமல் எழுந்து நின்றார்.

கதவு திறந்தபோது மருத்துவர் முகமூடியைக் கழற்றிக்கொண்டே வந்தார். "எடுத்தாச்சு. நல்லா இருக்கா. மயக்கம் தெளிய நேரமாகும்." கொஞ்சம் நிறுத்தினார். "நடப்பா. ஓடவும் கத்துக்கலாம், பயிற்சி எடுத்தா. ஆனா அன்னிக்கே எடுத்திருந்தா எப்படி இருந்திருக்குமோ அப்படி இனி ஆகாது. முட்டி முழுசா மடங்காது. குத்துக்கால் போட முடியாது. மண்டி போட முடியாது. மாடிப்படில கைப்பிடி வேணும்."

"எத்தனை நாளைக்கு?"

"எப்பவுமே."

ஹைக்கே சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"துண்டு எங்க?" என்றார் ஸால்மூத். "டாக்டர், துண்டு எங்க?"

ஹாங்கா ஒரு மஞ்சள் வாளியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். வாய் முத்திரையிட்டு இறுக மூடிய பை அதற்குள் இருந்தது. "இதுல இருக்கு. உங்க கைல எடுத்ததையும் இதுலதான் போட்டோம். ரெண்டும் ஒண்ணாத்தான் கிடக்கு."

"திறங்க!"

"மூடினா திறக்கக்கூடாதுங்க. ரத்தக் கழிவு. நேரா எரிக்கப் போயிடும். விதி" என்றாள் ஹாங்கா. "வேணும்னா எழுதிக் குடுங்க. குழு வெச்சிருக்காங்க."

டைரக்டர் மண்டியிட்டார். அவருடைய முட்டிகள் இரண்டும் சத்தமில்லாமல், எண்ணெய் போட்ட மாதிரி, முழுசாக மடங்கின. ஹைக்கே அதைப் பார்த்தாள். அவர் வாளியை இடது கையால் அணைத்துக்கொண்டு, பையின் மங்கலான மஞ்சளுக்குள் கண்ணை ஒட்டவைத்துப் பஞ்சுக்கும் ரத்தத்துணிக்கும் நடுவே தேடினார்.

"விண்ட்லர், குறிப்பு எடுங்க. பதிவேட்டுல ஏத்தணும்." அவர் தலையைத் தூக்கவில்லை. "டாக்டர், துண்டு எவ்வளவு பெரிசு இருந்துச்சு?"

ஹைக்கேதான் சொன்னாள்.

"என் பொண்ணு முட்டி சாகறவரைக்கும் மடங்காத அளவுக்கு."

விண்ட்லர் அம்மையாரின் பென்சில் காகிதத்தின்மேல் காத்திருந்தது.

"அதை மில்லிமீட்டர்ல சொல்லுங்கம்மா" என்றார் ஸால்மூத்.